சாம்பியனுக்கும் எல் போர்டு

ஃபார்முலா ஒன் பந்தயங்களில் இந்தியர்கள் இதுவரை எடுத்த புள்ளிகளின் மொத்தம் ஐந்து. அந்த ஐந்தையும் ஒரே நாளில், 2005 ஜூன் 19 அன்று, அமெரிக்காவின் இண்டியனாபொலிஸில் எடுத்தவர் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன். அங்கே சாய்வாக எழும்பி நிற்கும் கடைசி வளைவில் தங்கள் டயர் தாங்காது என்று மிஷலின் நிறுவனமே கையை விரித்துவிட்டதால், அந்த டயர் போட்டிருந்த 14 கார்களும் ஒப்புக்கு ஒரு சுற்று வந்துவிட்டுப் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டன. மிச்சமிருந்த ஆறு கார்களில் நரேன் ஓட்டிய ஜோர்டான் நான்காவதாக வந்தது. அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் பாதிப்பேர் ‘முதல் இந்தியர்’ என்று பெருமை பேசுவார்கள். மீதிப்பேர் ‘ஆறு காரில் நாலாவது’ என்று சிரிப்பார்கள். இரண்டு பேச்சுமே அவருடைய திறமையைத் தொடவில்லை. நரேனையும் சென்னையின் கருண் சந்தோக்கையும் அளக்க வேண்டிய இடம் ஃபார்முலா ஒன் அல்ல, அவர்கள் வேறு தொடர்களுக்குப் போய் ஓட்டிய பந்தயங்கள்தான் என்பது என் கட்சி. இதை இவர்கள் இருவருக்காக மட்டும் சொல்லவில்லை. பழகிய களத்தை விட்டு அடுத்தவர் களத்தில் போய் நிற்கும் எந்த ஓட்டுநருக்கும் இது பொருந்தும்.

காரணம் எளிமையானது. ஃபார்முலா ஒன்னில் ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைக்கிறது. நல்ல அணியின் காருக்கும் கடைசி அணியின் காருக்கும் இடையே ஒரு சுற்றுக்குப் பல விநாடி வித்தியாசம் வந்த காலங்கள் உண்டு. அந்த வித்தியாசத்தை எந்த மனிதனும் கையால் நிரப்ப முடியாது. 2010-இல் பஹ்ரைனில் கருண் சந்தோக்கின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. பயிற்சி ஓட்டங்கள் மூன்றும் முடிகிற வரை எச்.ஆர்.டி. அணி அவருடைய காரைக் கட்டி முடித்திருக்கவில்லை. அந்தக் காரில் அவர் முதன்முதலாக உட்கார்ந்து ஓட்டியதே தகுதிச்சுற்றில்தான். அப்படி ஓட்டிக் கடைசி வரிசையில் நின்ற ஒருவரைப் பார்த்து ‘சாதிக்கவில்லை’ என்று எழுதுவது, மிதிவண்டியில் வந்தவன் ரயிலுக்குப் பின்னால் வந்தான் என்று குறை சொல்வதற்குச் சமம். அதே அணியின் காரில்தான் 2011, 2012 ஆண்டுகளில் நரேனும் ஓட்டினார். அந்த அணி மூன்று ஆண்டு ஓடியும் ஒரு புள்ளிகூட எடுக்காமல் மூடப்பட்டது. காரும் ஆளும் கலந்து கிடக்கும் இந்தக் கணக்கில் ஆளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் வழி ஒன்றுதான். ஆளைத் தூக்கி வேறு காரில், வேறு தடத்தில், வேறு விதிகளுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்க உலகம் முழுவதையும் உட்கார வைத்த நாள் 2017 மே 28. இருமுறை உலக சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோ, அதே நாளில் நடந்த மொனாக்கோ பந்தயத்தை விட்டுவிட்டு இண்டியனாபொலிஸ் 500-க்குப் போனார். நீள்வட்டத் தடத்தில் அதுவரை பந்தயம் ஓட்டியறியாதவர். ஐந்தாவது இடத்திலிருந்து புறப்பட்டு, 27 சுற்றுகள் முன்னணியில் ஓடி, 21 சுற்றுகள் பாக்கியிருக்கும்போது இன்ஜின் புகைந்து நின்றார். அவரைப் பற்றிய செய்தி அத்தோடு முடிந்துவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அன்றைக்கு வென்றவர் கதை. ஜப்பானின் தகுமா சாட்டோ 2002-இல் நரேனுக்கு முன்பே ஜோர்டான் அணியில் ஓட்டியவர். ஃபார்முலா ஒன்னில் ஏழு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை, 2004-இல் இதே இண்டியனாபொலிஸில், மூன்றாம் இடம் பிடித்தவர். ‘வேகமானவர், ஆனால் முட்டி மோதுகிறவர்’ என்று ஐரோப்பா ஒதுக்கிய மனிதர். 2017-இல் அலோன்சோவுக்குக் கார் கொடுத்த ஆண்ட்ரெட்டி அணிதான் அவருக்கும் கொடுத்தது. இன்ஜினும் அதே ஹோண்டா. ஜெயித்தவர் சாட்டோ. ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாதபடி, 2020-இல் வேறொரு அணியில் போய் அதே பந்தயத்தை மறுபடியும் வென்றார்.

ஒரு சாட்டோவை வைத்துக்கொண்டு பேசக்கூடாது என்பவர்கள் 2014-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் கேட்டர்ஹாம் அணியின் கொட்டகையை எட்டிப் பார்க்கலாம். அங்கே அன்று இருந்த இரண்டு ஓட்டுநர்களில் ஒருவர் ஆந்த்ரே லோட்டரர். அதற்குள் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மூன்று முறை வென்றிருந்தவர். தகுதிச்சுற்றில் தன் அணித்தோழரை ஏறக்குறைய ஒரு விநாடி பின்னால் தள்ளினார். மறுநாள் பந்தயத்தில் ஒரு சுற்று முடிந்ததும் கார் நின்றுபோயிற்று. அவருடைய ஃபார்முலா ஒன் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சுற்றுதான். பின்தங்கிய அந்தத் தோழர் மார்கஸ் எரிக்சன், ஐந்து ஆண்டுகளில் 97 பந்தயங்கள் ஓட்டி 18 புள்ளிகளோடு ஃபார்முலா ஒன்னை விட்டுப் போனார். 2022-இல் இண்டியனாபொலிஸ் 500-ஐ வென்றார். கூரை ஒழுகாத குறையாக இருந்த அந்த ஏழை அணியின் இரண்டு ஓட்டுநர்களுக்குள் மூன்று லெ மான் வெற்றிகளும் ஓர் இண்டியனாபொலிஸ் வெற்றியும் அடக்கம். ஃபார்முலா ஒன் பட்டியலை மட்டும் படித்தவனுக்கு இது ஒருநாளும் தெரிய வராது.

இந்த லோட்டரர் பெயர் நரேனின் கதையிலும் வருகிறது. 2009-இல் லெ மானுக்கு நரேன் போனபோது, கோலெஸ் அணியின் டீசல் ஆடியில் அவரோடு பெயர் கொடுத்திருந்த இருவரில் லோட்டரர் ஒருவர். தகுதிச்சுற்றெல்லாம் முடிந்து, பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் பிட் சுவரிலிருந்து குதித்த நரேனுக்குத் தோள்பட்டை மூட்டு விலகிவிட்டது. மற்ற இருவரும் 24 மணி நேரத்தைப் பங்கிட்டு ஓட்டி ஏழாவதாக வந்தார்கள். லெ மானில் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் ஒரு சுவரின் உயரத்தில் அவருக்குத் தவறிப்போனது. அடுத்த ஆண்டு அவர் போன இடம் இன்னும் விசித்திரமானது. அமெரிக்க நாஸ்காரின் டிரக் தொடர். மார்ட்டின்ஸ்வில் என்ற, ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தடம். இடித்துக்கொண்டு ஓடும் கனமான வண்டிகள். முதல் பந்தயத்தில் 13-ஆவது. அந்த ஆண்டின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் ரசிகர் வாக்கெடுப்பில் அவருக்கே கிடைத்தது. வாக்குகளில் எத்தனை இந்தியாவிலிருந்து விழுந்திருக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம். அதைத் திறமைக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்ப்பது வேறு இரண்டை. எல்லா நாட்டு அணிகளுக்கும் ஒரே மாதிரிக் கார் தரப்பட்ட ஏ1 ஜி.பி. தொடரில், 2007 டிசம்பரில் சீனாவின் ஜூஹாயிலும் 2008 மே மாதம் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் அவர் வென்றார். 2019 நவம்பர் 24 அன்று ஃபியூஜி தடத்தில் ஜப்பானின் சூப்பர் ஜி.டி. கார்களும் ஜெர்மனியின் டி.டி.எம். கார்களும் ஒரே நிறுவனத்தின் டயரில் ஒன்றாக ஓடியபோது, 42 வயதில் ஹோண்டாவை ஓட்டி முதலாவதாக வந்தார். கார் சமமாகக் கிடைத்த இடத்தில் அவர் என்ன ஆனார் என்பதற்கு இவைதான் சாட்சி. 2005-இன் ஐந்து புள்ளிகள் நினைவிருக்கும் தமிழர்களில் எத்தனை பேருக்கு ஃபியூஜி நினைவிருக்கிறது?

கருணின் சான்று 2012 லெ மான். டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் ஆகியோரோடு ஜே.ஆர்.எம். அணியின் காரைப் பங்கிட்டு ஓட்டி ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தார். நரேனுக்குத் தவறிய ‘முதல் இந்தியர்’ பட்டம் அவருக்கு வந்தது, ஆனால் பட்டத்தை விடப் பெரியது அந்தப் பந்தயத்தின் அமைப்பு. லெ மானில் மூன்று பேர் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். அதே இன்ஜின், அதே இரவு, அதே மழை. ஒருவர் ஓட்டி முடித்து இறங்கியதும் அடுத்தவர் அதே சூடான இருக்கையில் உட்காருகிறார். ஒவ்வொருவரின் சுற்று நேரமும் தனித்தனியே அச்சாகி வருகிறது. கார் மேல் பழி போட அங்கே இடமே இல்லை. பிராபம் 2009-இல் அதே பந்தயத்தை வென்றவர். அவரோடு ஒரே இருக்கையில் ஒருவர் அளக்கப்படுவது, கடைசி அணியில் தன்னந்தனியாகக் கடைசி இடம் பிடிப்பதை விடப் பல மடங்கு நேர்மையான தேர்வு. ஃபார்முலா ஒன் மேடை ஏறவே முடியாமலிருந்த நிக்கோ ஹுல்கென்பெர்க், இந்தியப் பெயர் தாங்கிய ஃபோர்ஸ் இந்தியா அணியில் ஓட்டிக்கொண்டிருந்த 2015-லேயே ஒரு வாரம் போர்ஷே காருக்குப் போய் லெ மானை வென்று திரும்பினார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

வழக்கமாக வரும் மறுப்பு ஒன்று உண்டு. ‘மேலே முடியாதவர்கள் கீழே போய் ஜெயிக்கிறார்கள்; இதிலென்ன பெருமை?’ மேல், கீழ் என்ற இந்தப் படிக்கட்டு நம் மனதில் இருப்பதே தவிரத் தடத்தில் இல்லை. 2019-இல் அலோன்சோ மெக்லாரன் அணியோடு மறுபடி இண்டியனாபொலிஸ் போனார். புறப்படும் 33 கார்களுக்குள் இடம்பிடிக்கவே முடியவில்லை. கைல் கெய்சர் என்ற இளைஞர், ஹுங்கோஸ் என்ற சின்ன அணியின் காரில் கடைசி இடத்தைப் பறித்துக்கொண்டார். உலக சாம்பியன் பட்டம் இரண்டு, அதற்கு முந்தைய ஆண்டு வென்ற லெ மான் ஒன்று, எதுவும் உதவவில்லை. கீழ்ப்படி என்றால் இப்படி நடக்குமா? ‘கதவு மூடியதால் போனார்கள், ஆசைப்பட்டுப் போகவில்லை’ என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. நரேன் டிரக் ஓட்டப் போனதற்கு ஃபார்முலா ஒன்னில் அப்போது இடமில்லாததும் ஒரு காரணம்தான். ஆனால் ஒருவன் எதற்காகப் போனான் என்பது வேறு, போன இடத்தில் என்ன செய்தான் என்பது வேறு. கதவு அகலத் திறந்திருந்தபோதே போனவர்களும் இருக்கிறார்கள்: 1965-இல் ஜிம் கிளார்க் மொனாக்கோவை விட்டுவிட்டு இண்டியனாபொலிஸ் போய், 200 சுற்றுகளில் 190-இல் முன்னணியில் ஓடி வென்று, அதே ஆண்டு உலக சாம்பியனும் ஆனார். அந்தக் காலத்தில் இது வாடிக்கை. கிரகாம் ஹில் மொனாக்கோ, இண்டியனாபொலிஸ், லெ மான் மூன்றையும் வென்றது 1972-இல் நிறைவேறியது. அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தும் இரண்டாவது ஆள் வரவில்லை. திறமை குறைந்துவிட்டதென்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒப்பந்தங்கள் இறுகிவிட்டன, ஆண்டு அட்டவணை நிரம்பிவிட்டது.

அணிகள் இறுக்குவதற்கும் நியாயம் இருக்கிறது. 2011 பிப்ரவரியில் ராபர்ட் குபிட்சா ஆசைக்காக இத்தாலியில் ஒரு சிறிய ராலிக்குப் போனார். சாலையோர இரும்புத் தடுப்பு காருக்குள் பாய்ந்து வலது கை சிதைந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினார், பழைய ஆளாக அல்ல. வேறு களத்தின் விலை இது என்பதை மறைத்துவிட்டு அதைப் புகழ்வது மோசடி. ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை: 2025-இல் லெ மானை வென்ற ஃபெராரியின் மூன்று ஓட்டுநர்களில் குபிட்சா ஒருவர். இன்னொருவரான ஃபில் ஹான்சன், 2017-இல் தன் முதல் லெ மானில் கருணோடு ஒரே காரைப் பகிர்ந்தவர்.

வேறு களம் ஒருவனைப் பிரித்துக் காட்டுவதோடு நிற்பதில்லை, அவனை மறுபடி மாணவனாகவும் ஆக்குகிறது. 2017-இல் அலோன்சோ இண்டியனாபொலிஸில் இறங்கிய முதல் நாள், எல்லாப் புதியவர்களையும் போல மூன்று கட்டத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. இந்த வேக வரம்புக்குள் இத்தனை சுற்று, பிறகு சற்றே கூடிய வேகத்தில் இத்தனை சுற்று, அதைத் தாண்டித்தான் முழு வேகம். மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் நான்கு முறை உலக சாம்பியன். 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், ஐஃபெல் மலைக்காட்டுக்குள் 20 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து ஏறி இறங்கும் பழைய தடத்தில் பந்தயம் ஓட்ட விரும்பினார். அந்தத் தடத்துக்கென்று தனி உரிமம் இருக்கிறது. அது அவரிடம் இல்லை. சக்தியைக் குறைத்த ஒரு சின்ன போர்ஷே கேமனில் முதலில் ஓட்டிக் காட்டி உரிமம் வாங்கினார். இரண்டு வாரம் கழித்து ஃபெராரியில் வந்து வென்றார். இதை நான் வெற்றியை விடப் பெரிதாக மதிக்கிறேன். ‘நான் யார் தெரியுமா’ என்று கேட்காமல், எல் போர்டு மாட்டிக்கொண்ட சாம்பியன்.

நம் ஊரில் இந்தப் பேச்சுக்கு வரும் கடுமையான மறுப்பு ஏற்காட்டிலிருந்து வரும், வர வேண்டும். ‘பந்தய ஓட்டுநர்களைக் கொண்டாடிக் கொண்டாடித்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்கள் மலைப்பாதையை ரேஸ் டிராக் ஆக்குகிறார்கள்’ என்று சேர்வராயன் மலையில் வாழ்பவர் ஒருவர் சொன்னால் அதை அலட்சியப்படுத்த முடியாது. சேலம் அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முப்பது கிலோமீட்டருக்குள் சமவெளியிலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறோம். சேலம்–கோவை நான்குவழிச் சாலையில் நூறில் வந்த கை, அதே கணக்கோடு முதல் வளைவுக்குள் நுழைகிறது. ஏறும்போது பெரிய ஆபத்தில்லை, இறங்கும்போதுதான் தெரியும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள், பிரேக்கிலேயே காலை வைத்துச் சூடேற்றி ஏழெட்டு வளைவுக்குள் பிரேக் பிடிக்காமல் திணறுகிறவர்கள், ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்ற விதியைக் கேள்விப்பட்டேயிராதவர்கள். ‘எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு’ என்று மலை டிரைவர்கள் சொல்வதை இவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஊரில் பத்து வருஷம் ஓட்டியாயிற்றே!

இவர்களுக்கு ஊக்கம் கொடுப்பது பந்தய ஓட்டுநர்களின் கதை என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஊக்கம் கொடுப்பது அந்தக் கதையின் பாதி. வேகம் மட்டும் தெரிகிற பாதி. உரிமத்துக்காகச் சின்னக் காரில் ஓட்டிய வெர்ஸ்டாப்பனும், 33 பேருக்குள் நுழைய முடியாமல் வீடு திரும்பிய அலோன்சோவும் வருகிற மறுபாதியை நாம் சொல்லுவதேயில்லை. ஓரிடத்தில் கெட்டிக்காரன் எல்லா இடத்திலும் கெட்டிக்காரன் என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? மலைக்குப் புதியவர்கள் மட்டுமே தவறு செய்கிறார்கள் என்று சொல்வதும் பொய்தான். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போயின. பழகிய பாதையும் கொல்லும். அதனால்தான் ‘பழகிவிட்டேன்’ என்ற நினைப்பைக் கலைத்து, ஒருவனை அவ்வப்போது மறுபடி மாணவனாக்கும் எதையும் நான் வரவேற்கிறேன்.

இதையே பிடித்துக்கொண்டு, ஏற்காட்டிலேயே மலையேற்றப் பந்தயம் நடத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையை உதாரணம் காட்டுவார்கள். அங்கே 1969-இல் மாரியோ ஆண்ட்ரெட்டி இண்டியனாபொலிஸை வென்ற கையோடு வந்து அந்த மலைப் பந்தயத்தையும் வென்றார். ஒன்பது முறை ராலி உலக சாம்பியனான செபாஸ்டியன் லோப் 2013-இல் 8 நிமிடம் 13 விநாடியில் ஏறிச் சாதனை வைத்தார். களம் மாறி ஓட்டுவதற்கு மலையைப் போல் அருமையான இடமில்லை என்பது சரி. ஆனால் பைக்ஸ் பீக் சாலை ஒரு சிகரத்துக்குப் போய் முடிகிற சுற்றுலாச் சாலை. ஏற்காட்டுச் சாலை காபித் தோட்டத்துத் தொழிலாளி, பள்ளிப் பிள்ளை, சேலம் மருத்துவமனைக்குப் போகிற நோயாளி எல்லாருக்கும் உயிர்நாடி. மாற்று வழி குப்பனூர்ப் பாதை ஒன்றுதான். கோடை விழா வந்தால் இரண்டும் பிதுங்குகின்றன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டபோது மலை பட்ட பாடு தெரிந்ததே. அந்தச் சாலையை வேடிக்கைக்காக ஒரு நாள் மூடுவதைக்கூட நான் ஆதரிக்க மாட்டேன்.

தமிழ்நாட்டுக்குக் களம் மாறுவது புதிதுமல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில், பைக்கும் காரும் ஒரே தளத்தில் ஓடின. நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை வென்றவர். மகன் சர்க்யூட்டுக்குப் போனார். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையும், பிறகு கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் வந்தபின், ஏணி ஒன்றே ஒன்று, அதன் உச்சி ஃபார்முலா ஒன் என்ற எண்ணம் ஊறிவிட்டது. நடிகர் அஜித்குமார் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போய், அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோதுதான், இப்படி ஒரு நீண்ட பந்தயம் இருக்கிறதென்றே நம்மில் லட்சக்கணக்கானோருக்குத் தெரிந்தது. முன்னிலைக் காரை அணியின் நன்மைக்காக மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து, வேறொரு காரில் அவர் ஓட்டினார் என்பதை ரசிகர்கள் கவனித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். பெங்களூரின் குஷ் மைனி போன்ற அடுத்த தலைமுறையினர் நாளைக்கு லெ மானுக்கோ இண்டியனாபொலிஸுக்கோ போனால், ‘ஃபார்முலா ஒன் கனவு கலைந்தது’ என்று தலைப்புப் போடாமல் இருக்க நம் பத்திரிகைகளுக்கு இந்த அறிவாவது வேண்டும்.

அரசுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையை வளைத்து இரவுப் பந்தயம் நடத்தக் காசும் காவலும் ஒதுக்க முடிந்த அரசால், சேலம் அடிவாரத்தில் சில ஏக்கரில் ஒரு பயிற்சித் திடல் அமைக்க முடியும். ஒரு செயற்கைச் சரிவு, இரண்டு கொண்டை ஊசி வளைவு, தண்ணீர் ஊற்றி வழுக்கலாக்கிய ஒரு தளம் இருந்தால் போதும். கரி ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓட்டியவர்களையும் ஏற்காட்டுப் பேருந்தின் மூத்த ஓட்டுநர்களையும் சேர்த்துப் பயிற்சியாளர்களாக வைக்கலாம். வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் சுற்றுலா வேன் ஓட்டுநர்களுக்கும் முதலில் கட்டாயமாக்கி, பிறகு மற்றவர்களுக்கு விரிக்கலாம். நூர்பர்க்ரிங்கில் உலக சாம்பியனிடமே தடத்துக்கென்று தனி உரிமம் கேட்கிறார்கள். மலைப்பாதைக்கென்று அரை நாள் பயிற்சி கேட்பதில் யாருக்கும் மானக்கேடு இல்லை.